பலெர்மோவில் கேட்கும் இறந்தகாலம்: இத்தாலிய வினை, சுட்டு, இடச்சொல் பற்றி ஒரு பதில்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது இத்தாலியின் சிச்சிலியாத் (சிசிலி) தீவில் உள்ள பலெர்மோவில் முதிய பெண்மணி ஒருவரைப் பராமரிக்கும் பணியில் இருக்கும் நீங்கள் மூன்று ஐயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். 'ஓ மன்ஜாத்தோ' என்பதற்கும் 'மன்ஜாவோ' என்பதற்கும் எங்கே வேறுபாடு, வகுப்பில் கற்பிக்காத 'மன்ஜாய்' என்ற மூன்றாவது வடிவத்தை அந்தப் பெண்மணி ஏன் நாள்தோறும் சொல்கிறார் என்பது முதல் ஐயம். 'அந்த' என்ற ஒரே சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ஏன் இத்தனை உருவங்கள் என்பது இரண்டாவது. 'ச்சி' என்ற சின்னஞ்சிறு சொல் எதற்காக எல்லா வாக்கியத்திலும் வந்து நிற்கிறது என்பது மூன்றாவது. ஆங்கில விளக்கம் உள்ள பாடநூலைக் கொண்டு படிப்பதாகவும், படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

குழப்பத்தின் பெரும்பகுதி ஆங்கில விளக்கத்திலிருந்தே வருகிறது என்பது என் உறுதியான கருத்து. இத்தாலிய மொழி கேட்கும் வேறுபாடுகளில் பலவற்றைத் தமிழ் தன் இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அவை மங்கிக் கிடக்கின்றன. ஆகவே தமிழிலிருந்து நேராக இத்தாலிய மொழிக்குப் போவோம். தமிழ் கைகொடுக்காத இடங்கள் சில உண்டு. அவற்றை வரும்போதே சொல்கிறேன், ஏனெனில் உண்மையான உழைப்பு அங்கேதான் தேவைப்படும்.

எழுத்து முறை பற்றி ஒரு சொல். இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். 'ச்ச' என்பதைப் 'பச்சை'யில் வரும் ஒலியாகவும், 'ஸ' என்பதை அதன் இயல்பான ஒலியாகவும் வாசியுங்கள். உயிர்களுக்கு நடுவே வரும் வல்லொலி தமிழில் மெலிந்துவிடும் என்பதால், இத்தாலியர் ஒற்றையாக எழுதும் இடத்திலும் சில வேளை 'த்த' என்று இரட்டித்திருக்கிறேன்.

முதலில் இரண்டு முதன்மையான இறந்தகாலங்கள். 'பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ' என்பது துணைவினையும் வினையெச்சம் போன்ற ஒரு வடிவமும் சேர்ந்தது: 'ஓ மன்ஜாத்தோ', சாப்பிட்டேன். 'இம்பெர்ஃபெத்தோ' என்பது ஒரே சொல்: 'மன்ஜாவோ'. பின்னதை ஆங்கில நூல்கள் பெரும்பாலும் 'செய்துகொண்டிருந்தேன்' என்ற ஒரே பொருளில் அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு விதிவிலக்குகளை அடுக்குகின்றன. தமிழர் இதை வேறு விதமாகப் பார்க்கலாம். நம் மொழியில் பழைய வழக்கத்தைச் சொல்லும்போது நாம் எந்தக் காலத்தைப் பயன்படுத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். 'சின்ன வயதில் அம்மம்மா ஒவ்வோர் இரவும் கதை சொல்வார், நாங்கள் முற்றத்தில் படுத்துக் கேட்போம்' என்கிறோம். 'சொல்வார்', 'கேட்போம்' ஆகியவை வடிவத்தில் எதிர்காலம். பொருளில் இறந்தகாலத்து வழக்கம். இந்த இடத்தில் இத்தாலியர் இம்பெர்ஃபெத்தோவைப் பயன்படுத்துகிறார்கள்: 'லா நோன்னா ரக்கொந்தாவா', பாட்டி சொல்வார். ஆகவே இம்பெர்ஃபெத்தோவுக்குத் தமிழில் மூன்று முகங்கள் உள்ளன: வழக்கத்துக்குச் 'சொல்வார்', நடந்துகொண்டிருந்த செயலுக்குச் 'சொல்லிக்கொண்டிருந்தார்', நிலைக்கு 'இருந்தார்'. ஒரு தமிழ் வாக்கியத்தைப் பொருள் கெடாமல் இந்த மூன்றில் ஒன்றாக மாற்ற முடிந்தால் இம்பெர்ஃபெத்தோவை எடுங்கள். வெறும் 'சொன்னார்', 'சொல்லிவிட்டார்', 'சொல்லியிருக்கிறார்' ஆகியவற்றில் ஒன்றுதான் பொருந்தும் என்றால் பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோவை எடுங்கள்.

இரண்டும் ஒரே கதையில் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை ஒரு சிறு காட்சியில் பார்க்கலாம். 'இயேரி பியோவேவா. அஸ்பெத்தாவோ லௌதோபுஸ். எ அர்ரிவாத்தா உனா ஸின்யோரா எ மி ஆ கியெஸ்தோ லோரா.' நேற்று மழை பெய்துகொண்டிருந்தது. நான் பேருந்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி வந்து என்னிடம் மணி கேட்டார். மழையும் காத்திருப்பும் பின்புலம். அவை எப்போது தொடங்கின, எப்போது முடிந்தன என்பது கதைக்குத் தேவையில்லை. வந்ததும் கேட்டதும் நிகழ்ச்சிகள். அவை முடிந்ததால்தான் கதை நகர்கிறது. இதில் 'அஸ்பெத்தாவோ'வை 'ஓ அஸ்பெத்தாத்தோ' என்று மாற்றினால் பிழையில்லை; ஆனால் காத்திருந்த செயல் அத்தோடு முடிந்துவிட்டதாகவும், பெண்மணி அதற்குப் பின் வந்ததாகவும் கேட்பவர் புரிந்துகொள்வார். தமிழில் 'காத்திருந்தேன்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது. இதுவே நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய முதல் இடம்.

'இருந்தேன்' என்பதிலும் இதே சிக்கல் வரும். 'அவர் அழைத்தபோது வீட்டில் இருந்தேன்' என்பது நிலை, அங்கே 'ஏரோ'. 'நேற்று முழுவதும் வீட்டிலேயே இருந்தேன்' என்னும்போது 'முழுவதும்' என்ற சொல் அந்த நேரத்துக்கு வேலி போட்டுவிடுகிறது. அங்கே 'ஸோனோ ஸ்தாத்தா'. கால அளவு எவ்வளவு நீண்டது என்பது இங்கே முக்கியமில்லை, வேலி உண்டா என்பதே முக்கியம். இரண்டு ஆண்டு ஓர் உணவகத்தில் வேலை செய்து முடித்திருந்தால் 'ஓ லவொராத்தோ பெர் துவே அன்னி' என்றுதான் சொல்ல வேண்டும். நீண்ட காலம் என்பதற்காக இம்பெர்ஃபெத்தோவுக்குத் தாவுவது மாணவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை.

மூன்று ஆண்டுகளாக இன்னும் அதே வேலையில் இருந்தால் என்ன சொல்வது? இங்கே ஆங்கிலம் வழியே போனவர்கள் இறந்தகாலத்தைத் தேடி அலைவார்கள். தமிழரோ அப்படியே சொல்லலாம்: 'மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன்', 'லவோரோ க்வி தா த்ரே அன்னி'. நம் '-ஆக' என்ற உருபின் இடத்தில் இத்தாலியர் 'தா' என்பதை வைக்கிறார்கள். வினை இரு மொழியிலும் நிகழ்காலம். 'இரண்டு ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருந்தபோது மகள் பிறந்தாள்' என்று பழைய நிலைக்குப் பின்னோக்கிப் போனால், அந்த நிகழ்காலம் 'லவொராவோ' என்ற இம்பெர்ஃபெத்தோவாக மாறும். 'தா' அப்படியே நிற்கும்.

அறிதல் பற்றிய வினைகளில் காலத்தை மாற்றினால் பொருளே மாறிவிடுகிறது. 'லோ ஸப்பேவோ' என்றால் அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. 'லோ ஸப்பூத்தோ' என்றால் தெரியவந்தது, செய்தி கிடைத்தது. 'லா கோனொஷ்ஷேவோ' என்றால் அவளை எனக்குப் பழக்கமிருந்தது. 'லோ கோனொஷ்ஷூத்தா' என்றால் அவளோடு அறிமுகம் ஏற்பட்டது. 'தெரிந்திருந்தது', 'தெரியவந்தது' என்ற இணையைத் தமிழ் துல்லியமாகப் பிரித்து வைத்திருப்பதால், இதை நீங்கள் எளிதில் பற்றிக்கொள்வீர்கள்.

மரியாதைக்கு இறந்தகாலத்தைப் பயன்படுத்தும் வழக்கமும் இரு மொழிகளுக்கும் பொது. அலுவலகத்தில் 'வொலேவோ கியேதெரே உனா கோஸா' என்று தொடங்குவது நயமான முறை. 'ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்' என்று நாம் சொல்வதில்லையா? கேட்கும் விருப்பம் இப்போதுதான் இருக்கிறது. இறந்தகாலம் அந்த விருப்பத்தைச் சற்றுத் தள்ளி வைத்து, மறுப்பவருக்கு இடம் விடுகிறது.

இம்பெர்ஃபெத்தோவின் வடிவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'பர்லாவோ, பர்லாவி, பர்லாவா, பர்லவாமோ, பர்லவாத்தே, பர்லாவனோ' என்ற ஒரே ஒழுங்கில் பெரும்பாலான வினைகள் போய்விடும். 'ஏரோ' தனி. 'ஃபச்சேவோ', 'திச்சேவோ', 'பெவேவோ' ஆகியவற்றின் அடி மட்டும் சற்று நீளும்.

பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோவின் உண்மையான கடினம் துணைவினையில் இருக்கிறது. சில வினைகள் 'அவேரே' (கொண்டிருத்தல்; 'ஓ', 'ஆன்னோ' என வருவது) என்பதையும், சில 'எஸ்ஸெரே' (இருத்தல்; 'ஸோனோ', 'எ' என வருவது) என்பதையும் எடுக்கின்றன. பாடநூல்கள் எஸ்ஸெரே எடுக்கும் வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. ஆனால் தமிழரிடம் அதைவிடச் சிறந்த கருவி இருக்கிறது: பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்த அந்தப் பாகுபாடு. கோடை கழிந்தது, கோடையைக் கழித்தேன். வேலை முடிந்தது, வேலையை முடித்தேன். விலை கூடியது, விலையைக் கூட்டினார்கள். இறைச்சி கருகியது, இறைச்சியைக் கருக்கினேன். தமிழில் வினையின் உருவமே மாறுகிறது. இத்தாலிய மொழியில் வினை மாறாமல் நிற்க, துணைவினை மாறுகிறது. 'லெஸ்தாத்தே எ பஸ்ஸாத்தா' என்றால் கோடை கழிந்தது. 'ஓ பஸ்ஸாத்தோ லெஸ்தாத்தே' என்றால் கழித்தேன். 'இல் லவோரோ எ ஃபினீத்தோ' என்றால் வேலை முடிந்தது. 'ஓ ஃபினீத்தோ இல் லவோரோ' என்றால் முடித்தேன். 'இ ப்ரெட்ஸி ஸோனோ அவுமெந்தாத்தி' என்றால் விலைகள் கூடின. 'ஆன்னோ அவுமெந்தாத்தோ இ ப்ரெட்ஸி' என்றால் கூட்டினார்கள். பட்டியலைவிட இந்த வழி நெடுங்காலம் நினைவில் நிற்கும். இதற்காகவே இவ்வளவு எடுத்துக்காட்டுகள் தந்தேன்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. தூங்குவது, நடப்பது, நீந்துவது, பயணம் செய்வது ஆகியவை செயப்படுபொருள் இல்லாதவையாக இருந்தும் அவேரே எடுக்கின்றன: 'ஓ தோர்மீத்தோ', 'ஓ கம்மினாத்தோ'. ஓர் இடத்தைச் சென்று சேர்வதையும் ஒரு நிலையிலிருந்து வேறு நிலைக்கு மாறுவதையும் ஓரிடத்தில் தங்கிவிடுவதையும் குறிப்பவை பெரும்பாலும் எஸ்ஸெரே எடுக்கின்றன: போதல், வருதல், பிறத்தல், இறத்தல், ஆதல், தங்குதல். ஓடுவதில் இரண்டும் உண்டு. ஒரு மணி நேரம் ஓடினால் 'ஓ கோர்ஸோ'. வீட்டுக்கு ஓடிப்போனால் 'ஸோனோ கோர்ஸா அ காஸா'. நம் '-கொள்' துணைவினையின் வேலையைச் செய்யும் 'ஸி' வகை வினைகள் எல்லாமே எஸ்ஸெரே எடுக்கும். கத்தியால் கையை வெட்டிக்கொண்டால் 'மி ஸோனோ தல்யாத்தா'. 'பிடித்தது' என்பதும் அப்படித்தான். 'எனக்குப் படம் பிடித்தது' என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தாற்போல 'மி எ பியச்சூத்தோ இல் ஃபில்ம்' என்கிறார்கள். பிடித்த பொருளே எழுவாய் என்பதும், பிடித்தவருக்கு நான்காம் வேற்றுமை என்பதும் நமக்கு விளக்காமலே புரியும்.

தமிழ் உதவாத இன்னோர் இடம் பால் காட்டும் ஈறு. 'போனான்', 'போனாள்' என்று படர்க்கையில் பால் காட்டப் பழகிய நமக்கு 'எ அந்தாத்தோ', 'எ அந்தாத்தா' என்பது புதிதல்ல. ஆனால் தன்மையில் நாம் 'போனேன்' என்று மட்டுமே சொல்கிறோம்; இத்தாலிய மொழியோ பேசுபவர் பெண்ணாயின் 'ஸோனோ அந்தாத்தா' என்றே சொல்லச் சொல்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் உங்களைப் பற்றியே 'அந்தாத்தோ' என்று எழுதியிருந்தீர்கள். வகுப்பில் ஆண்கள் சொல்லக் கேட்டுப் பழகியிருக்கலாம். பெண்கள் மட்டும் சேர்ந்து போனால் 'ஸியாமோ அந்தாத்தே', கலந்து போனால் 'ஸியாமோ அந்தாத்தி'. அவேரே எடுக்கும் வினைகளில் இந்த மாற்றம் இல்லை. ஆனால் 'அவளை', 'அவற்றை' போன்ற மாற்றுப்பெயர் வினைக்கு முன் வந்துவிட்டால் அங்கும் ஈறு மாறும்: 'லோ விஸ்தா', அவளைப் பார்த்தேன். 'லி ஓ விஸ்தி', அவர்களைப் பார்த்தேன். இதற்குத் தமிழில் இணை எதுவும் இல்லை. பேசிப் பழகித்தான் ஆக வேண்டும்.

இனி அந்தப் பெண்மணியின் 'மன்ஜாய்'. 'ஸ்தமத்தீனா மன்ஜாய் ப்ரெஸ்தோ', இன்று காலை சீக்கிரம் சாப்பிட்டேன் என்று அவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது 'பஸ்ஸாத்தோ ரெமோத்தோ'. வகுப்பு நூல்கள் இதைத் தொலைவான இறந்தகாலம் என்றும், வரலாற்றிலும் கதைகளிலும் வருவது என்றும் சொல்லும். நூல் வழக்கில் அது சரியே. 'கரிபால்தி 1860-இல் மர்ஸாலாவில் வந்திறங்கினார்' என்பதை எந்த இத்தாலியரும் 'ஸ்பர்கோ' என்று எழுதுவார். 'தாந்தே 1265-இல் பிறந்தார்' என்பதற்கு 'நாக்வே'. பேச்சு வழக்கு மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. மிலானோ, தோரினோ போன்ற வட நகரங்களில் தாத்தா காலத்து நிகழ்ச்சியைக்கூடப் பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோவிலேயே பேசுகிறார்கள்; மற்றதை அவர்கள் நூலில் மட்டுமே காண்கிறார்கள். நடு இத்தாலியின் தொஸ்கானாவில் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இன்றோடு தொடர்புள்ளதா, தொடர்பு அறுந்ததா என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிச்சிலியாவிலோ உள்ளூர் மொழியே எளிய இறந்தகாலத்தைத்தான் பெரிதும் பயன்படுத்துகிறது. அந்தப் பழக்கத்தை அவர்கள் இத்தாலிய மொழி பேசும்போதும் கொண்டுவருகிறார்கள். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு முன் நடந்ததும் 'மன்ஜாய்' ஆகிவிடுகிறது.

எனவே அந்தப் பெண்மணி பேசுவது பிழை என்று எண்ண வேண்டாம். அது அவர் ஊரின் வழக்கு. யாழ்ப்பாணத்துப் பேச்சைப் பிழை என்று யாரேனும் சொன்னால் உங்களுக்கு எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் போதும். ஆனால் நீங்கள் பேசவும் எழுதவும் பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோவையே பழகுங்கள் என்பதுதான் என் அறிவுரை. அது இத்தாலி முழுவதும் செல்லும், தேர்விலும் அதையே எதிர்பார்ப்பார்கள். 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியிருப்பு அல்லது திருமணத்தின் வழியாகக் குடியுரிமை கோருவோர் பி 1 என்ற இடைநிலை மொழியறிவைக் காட்ட வேண்டும் என்பதை அறிந்திருப்பீர்கள். ரெமோத்தோவைக் கேட்டாலும் படித்தாலும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அதற்கு ஒரு திறவுகோல் போதும். ஒழுங்கில்லாத வினைகளில் பலவற்றில் நான், அவர், அவர்கள் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் அடி மாறும். மற்ற மூன்றும் பழைய அடியிலேயே நிற்கும். 'ஸ்க்ரிஸ்ஸி, ஸ்க்ரிஸ்ஸே, ஸ்க்ரிஸ்ஸெரோ' ஒரு பக்கம். 'ஸ்க்ரிவேஸ்தி, ஸ்க்ரிவெம்மோ, ஸ்க்ரிவேஸ்தே' மறு பக்கம்.

ஒன்றுக்கு முன் நடந்த இன்னொன்றைச் சொல்லும் 'த்ரபஸ்ஸாத்தோ' உங்களுக்கு ஒரு தொல்லையும் தராது. 'நான் வந்தபோது அவர் போயிருந்தார்' என்பதில் உள்ள 'போய் + இருந்தார்' என்ற கட்டுமானமே 'ஏரா அந்தாத்தோ'. துணைவினையை இம்பெர்ஃபெத்தோவில் வைத்தால் வேலை முடிந்தது.

அடுத்து சுட்டுச்சொற்கள். 'க்வெஸ்தோ' என்பது இது, 'க்வெல்லோ' என்பது அது என்று நூல்கள் இரண்டோடு நிறுத்திவிடுகின்றன. உண்மையில் இத்தாலிய மொழிக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு: 'கோதெஸ்தோ'. கேட்பவருக்கு அருகில் இருப்பதை அது சுட்டும். தமிழ்நாட்டில் உள்ள மாணவருக்கு இதை விளக்க நான் சிறிது பாடுபட வேண்டியிருக்கும். உங்களுக்கு ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: 'உது'. 'அ இ உ அம் மூன்றும் சுட்டு' என்று தொல்காப்பியம் சொன்ன மூன்றில் உகரச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது; யாழ்ப்பாணத்தில் உது, உவர், உங்கை என்று இன்றும் வாழ்கிறது. உங்கள் கையில் இருக்கும் பொருளைக் காட்டி 'உது என்ன?' என்று உங்கள் ஊரில் கேட்பதுபோல, தொஸ்கானாவில் 'கோதெஸ்தோ' என்று கேட்பார்கள். இலத்தீன் மூலமான 'எக்கும் திபி இஸ்தும்' என்ற தொடரிலேயே 'உனக்கு' என்ற பொருளுள்ள 'திபி' ஒளிந்திருக்கிறது. கேட்பவரை உள்ளே வைத்துக் கட்டிய சொல் இது என்று அறிந்தபோது எனக்குண்டான மகிழ்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. தொஸ்கானாவுக்கு வெளியே பேச்சில் இது வழங்குவதில்லை. ஆனால் அரசு அலுவலகங்களுக்கு எழுதும் கடிதங்களில், 'தங்களுடைய அந்த அலுவலகம்' என்ற பொருளில் நிலைத்துவிட்டது. தங்கும் அனுமதிக்காக எழுதும் விண்ணப்பத்தில் 'கோதெஸ்தா க்வெஸ்தூரா' என்று கண்டால் மிரள வேண்டாம். 'உந்தக் காவல் அலுவலகம்' என்று மனத்துக்குள் வாசித்துக்கொள்ளுங்கள்.

'அந்த' என்பதற்கு ஏன் இத்தனை உருவங்கள்? அடுத்து வரும் சொல்லின் முதல் ஒலியைப் பொறுத்துச் சுட்டு மாறுகிறது, அவ்வளவுதான். நாமும் எழுத்துத் தமிழில் அகரச் சுட்டைச் சேர்க்கும்போது அப்பையன், அவ்வீடு, அவ்வூர், அக்காலம் என்று ஒலிக்கேற்ப மாற்றுகிறோம். இத்தாலிய மொழியில் அந்த மாற்றம் பெயருக்கு முன் வரும் சார்புச் சொல்லின் (ஆங்கிலத்தின் 'the' போன்ற 'இல்', 'லோ', 'லா' முதலியவற்றின்) மாற்றத்தை அப்படியே பின்பற்றுகிறது. 'இல் லீப்ரோ' என்றால் 'க்வெல் லீப்ரோ'. 'லோ ஸ்துதெந்தே' என்றால் 'க்வெல்லோ ஸ்துதெந்தே'. 'லமீக்கோ' என்றால் 'க்வெல்லமீக்கோ'. பன்மையில் 'இ லீப்ரி' என்றால் 'க்வெய் லீப்ரி', 'ல்யி ஸ்துதெந்தி' என்றால் 'க்வெல்யி ஸ்துதெந்தி'. பெண்பால் எளிது: 'க்வெல்லா காஸா', 'க்வெல்லே காஸே', உயிருக்கு முன் மட்டும் 'க்வெல்லமீக்கா'. சார்புச் சொல் சரியாக வந்தால் சுட்டும் தானாகவே சரியாகிவிடும். தனியாக ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

நீங்கள் குறிப்பாகக் கேட்ட 'க்வெய்', 'க்வெல்லி' வேறுபாட்டுக்கும் தமிழில் இணை உண்டு. 'அந்த' என்பது பெயருக்கு முன்னால் மட்டுமே நிற்கும். பெயர் இல்லாமல் தனியே நிற்க 'அவை' வேண்டும். அதைப்போலவே 'க்வெய் லீப்ரி' என்றால் அந்தப் புத்தகங்கள். புத்தகங்களைச் சொல்லாமல் விட்டால் 'க்வெல்லி'. தனியே நிற்கும்போது நான்கே உருவங்கள்: க்வெல்லோ, க்வெல்லா, க்வெல்லி, க்வெல்லே.

இங்கே இன்னோர் அழகான ஒற்றுமை இருக்கிறது. 'நீ சொல்வது உண்மை' என்பதில் 'சொல்வது' என்பதன் இறுதியில் 'அது' மறைந்து நிற்கிறது. 'வந்தவன்' என்பதில் 'அவன்' நிற்கிறான். வினையாலணையும் பெயர் என்று நாம் படித்தது இதுவே. இத்தாலியர் அந்த 'அது'வை வெளியே எடுத்து முன்னால் வைக்கிறார்கள்: 'க்வெல்லோ கே தீச்சி எ வேரோ', நீ சொல்வது உண்மை, 'க்வெல்லா கே எ வெனூத்தா', வந்தவள். சிவப்பானது என்பதற்கு 'க்வெல்லோ ரோஸ்ஸோ'. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. இவன், இவர் என்று நமக்கு மரியாதைப் படிகள் இருப்பதுபோல் 'க்வெஸ்தோ'வுக்கு இல்லை. எதிரே நிற்பவரைக் காட்டி 'எ க்வெஸ்தோ கி எ?' என்றால் 'இவன் யார்?' என்ற கடுமை தொனிக்கும். 'க்வெஸ்தோ எ மியோ ஃப்ரதெல்லோ' என்று அறிமுகம் செய்வதில் குறையில்லை.

மூன்றாவது, இடம் சுட்டும் சொற்கள். 'க்வி', 'க்வா' இரண்டும் இங்கே. 'லீ', 'லா' இரண்டும் அங்கே. இகர, ஈகார ஒலி கொண்டவை குறிப்பிட்ட ஒரு புள்ளியையும், ஆகார ஒலி கொண்டவை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பரந்த இடத்தையும் காட்டும் என்பது பொதுவான போக்கு. 'க்வா எ லா' என்றால் இங்குமங்கும். 'லீ', 'லா' இரண்டிலும் எழுத்தின் மேல் அழுத்தக் குறி உண்டு, 'க்வி', 'க்வா'வில் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சந்தப் பாட்டாகவே கற்பிக்கிறார்கள். 'வா', 'போ' பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேட்பவர் இருக்கும் இடத்துக்கு நாம் போவதைத் தமிழில் 'வருகிறேன்' என்கிறோம். வருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது என்று தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. இத்தாலியரும் அப்படியே 'வெங்கோ தா தே', உன்னிடம் வருகிறேன் என்பார்கள்.

'ச்சி'தான் உங்களுக்கு உண்மையிலேயே புதியது. தமிழில் ஏற்கெனவே சொன்ன இடத்தைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 'ரோமுக்குப் போகிறாயா?' என்றால் 'போகிறேன்' என்று முடித்துவிடுகிறோம். இத்தாலிய மொழியில் 'ஸீ, வாதோ' என்று மட்டும் சொன்னால் வாக்கியம் நொண்டுகிறது. 'ஸீ, ச்சி வாதோ' என்றே சொல்ல வேண்டும். ஆகவே 'ச்சி' என்பது விரலால் காட்டும் 'அங்கே' அன்று. இருவருக்கும் தெரிந்த ஓர் இடத்தின் வெற்றிடத்தை நிரப்பும் சொல். விரலால் காட்ட 'லீ' இருக்கிறது. தமிழில் நாம் மௌனமாக விடும் இடமே 'ச்சி' நிற்கும் இடம் என்று வைத்துக்கொண்டால், எங்கே சேர்க்க வேண்டும் என்பது விரைவில் பழகிவிடும்.

பலெர்மோவில் வாழும் தமிழர் பலர், சைவர்களும் கிறிஸ்தவர்களும், புனித ரொஸலியாவின் கோயிலுக்காக மோந்தே பெல்லெக்ரீனோ மலையில் ஏறுவது உங்களுக்குத் தெரியும். அதையே எடுத்துக்கொண்டு பழகுங்கள். 'ச்சி ஸலீவோ ஓன்யி தொமேனிக்கா', ஞாயிறுதோறும் ஏறுவேன். 'ச்சி ஸோனோ ஸலீத்தா இயேரி', நேற்று ஏறினேன். 'ச்சி ஸோனோ ஸ்தாத்தா துவே வோல்தே', இரண்டு முறை போயிருக்கிறேன். 'வோல்யோ அந்தார்ச்சி' அல்லது 'ச்சி வோல்யோ அந்தாரே', போக விரும்புகிறேன். பொதுவாக வினைக்கு முன்னால் நிற்கும்; 'அந்தாரே' போன்ற முழுமை பெறாத வினைவடிவிலும் ஏவலிலும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். 'போவோம்' என்று அழைக்க 'அந்தியாமோச்சி'.

இடத்திலிருந்து 'ச்சி' மெல்ல விரிந்திருக்கிறது. நம் '-க்கு' போன்ற 'அ' என்ற முன்னிடைச்சொல்லோடு வரும் பல வினைகளில் அது 'அதை', 'அதைப் பற்றி' என்ற பொருளைத் தரும்: 'ச்சி பென்ஸோ', அதைப் பற்றி யோசிக்கிறேன்; 'நோன் ச்சி க்ரேதோ', நான் அதை நம்பவில்லை. 'ச்செ', 'ச்சி ஸோனோ' என்றால் உள்ளது, உள்ளன. 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்' என்று நம் கதைகள் தொடங்கும் இடத்தில் அவர்கள் 'ச்சேரா உனா வோல்தா' என்று தொடங்குகிறார்கள். நிலையைச் சொல்வதால் அங்கேயும் இம்பெர்ஃபெத்தோ. நேரம் பிடிப்பதைச் சொல்ல 'ச்சி வுவோலே உனோரா', ஒரு மணி நேரம் பிடிக்கும். இதே வேலையை நூல் நடையில் செய்யும் 'வி' என்ற சொல்லைப் படிக்கும்போது அறிந்துகொண்டால் போதும்.

'ச்சி' போய்ச் சேரும் இடம் என்றால் 'நெ' புறப்படும் இடம். 'அதிலிருந்து', 'அதில்' என்று கொள்ளலாம். அளவைச் சொல்லும்போது இது கட்டாயம். 'எத்தனை ஆப்பிள் வாங்கினாய்?' என்றால் நாம் 'மூன்று வாங்கினேன்' என்போம், விரும்பினால் 'அதில்' சேர்ப்போம். அவர்கள் 'நெ ஓ கொம்ப்ராத்தே த்ரே' என்று சேர்த்தே ஆக வேண்டும், ஈறும் ஆப்பிள்களின் பெண்பால் பன்மைக்கு மாறிவிடும்.

நீங்கள் கடிதத்தின் முடிவில், பழைய வேலையை விட்டு வந்ததைச் சொல்லும் வாக்கியத்தைத் திருத்தித் தரும்படி கேட்டிருந்தீர்கள். 'ஓ அந்தாத்தோ' என்று எழுதியிருந்ததை 'மெ நெ ஸோனோ அந்தாத்தா' என்று மாற்றிக்கொள்ளுங்கள்: அங்கிருந்து போய்விட்டேன். 'நெ' விட்டு வந்த இடத்தைச் சொல்கிறது. 'மெ' நம் '-விட்டேன்' தரும் முடிவுத்தன்மையைத் தருகிறது. ஓர் இடத்திலிருந்து பெயர்ந்ததால் துணைவினை எஸ்ஸெரே. பேசுபவர் பெண் என்பதால் ஈறு ஆகாரம். ஒரே முறை நடந்து முடிந்ததால் இம்பெர்ஃபெத்தோ இல்லை. உங்கள் வீட்டுப் பெண்மணி இதே செய்தியைச் சொன்னால் 'மெ நெ அந்தாய்' என்பார். இனி அது உங்களுக்குப் புரியும்.